புதியவரின் முதல் வாரமும் அலுவலக மெயிலும்

ஒரு அலுவலகம் புதிதாகச் சேர்பவரை எப்படி வரவேற்கிறது என்பதை அவருடைய இன்பாக்ஸைப் பார்த்தே சொல்லிவிடலாம். முதல் நாள் கைகுலுக்கல்கள் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். அதன்பிறகு அவர் எதிரே இருப்பது ஒரு திரை. எதற்குப் பதில் எழுத வேண்டும், எதைப் படித்தால் போதும், எதைத் திறக்கவே வேண்டாம் என்று யாராவது சொல்லிவைத்திருந்தால் அவர் வேலையைத் தொடங்கிவிடுவார். இல்லையென்றால் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல உட்கார்ந்திருப்பார். பக்கத்து இருக்கைக்காரரைத் திரும்பத் திரும்பக் கேட்கவும் கூச்சப்படுவார்.

நான் அலுவலக நிர்வாகத்தில் பல வருடங்களாக இருப்பவள். புதியவர்களைச் சேர்ப்பதும் பொது மெயில்களை ஒழுங்காக வைப்பதும் என் மேசைக்கு வரும் வேலைகள். இந்த இரண்டையும் தனித்தனியாகப் பார்ப்பதால்தான் பாதிக் குழப்பம் என்பது என் தீர்மானமான கருத்து. உங்கள் அலுவலகத்தின் மெயில் ஒழுங்காக இருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால், இருபது வருடம் வேலை பார்த்தவரைக் கேட்காதீர்கள். அவருக்கு எல்லாம் மனப்பாடம். சேர்ந்து மூன்று நாளான ஒருவரிடம், “போன வருடம் அந்த வென்டாரை ஏன் மாற்றினோம் என்று கண்டுபிடியுங்கள்” என்று சொல்லிப் பாருங்கள். யாரையும் கேட்காமல் அவரால் கண்டுபிடிக்க முடிந்தால் ஒழுங்காக இருக்கிறது.

சேரும் நாளுக்கு முன்

ஆஃபர் லெட்டரில் கையெழுத்தானதுமே, கம்ப்யூட்டரையும் மெயில் கணக்குகளையும் பார்த்துக்கொள்ளும் ஐ.டி. பிரிவுக்கு டிக்கெட் (வேலைக் கோரிக்கை) போட்டுவிடுங்கள். “புதியவர் வருகிறார், மெயில் ஐ.டி. வேண்டும்” என்று எழுதினால் மெயில் ஐ.டி. மட்டும்தான் கிடைக்கும். எந்த மெயில் குரூப்களில் (ஒரு முகவரிக்கு எழுதினால் பலருக்கும் போகும் பட்டியல்) சேர்க்க வேண்டும், எந்தப் பொது மெயில்பாக்ஸைத் திறந்துவிட வேண்டும், எந்த ஃபோல்டருக்கு அனுமதி வேண்டும் என்பதையெல்லாம் அவருடைய மேனேஜரிடம் கேட்டு அந்த டிக்கெட்டிலேயே எழுதுங்கள். மேனேஜர் பெரும்பாலும் “எல்லா குரூப்பிலும் போட்டுவிடுங்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்பார். ஒத்துக்கொள்ளாதீர்கள். முதல் வாரத்துக்கு மூன்று குரூப் போதும்: எல்லோருக்குமான அறிவிப்புகள் வருவது ஒன்று, அவருடைய டீம் ஒன்று, அவர் நேரடியாகச் செய்யப்போகும் வேலைக்கு ஒன்று. குரூப்பில் சேர்த்துவிட்டால் பழைய மீட்டிங் அழைப்புகளும் தானாக வந்துவிடும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். வாராந்திர மீட்டிங்கை நடத்துபவரிடம் சொல்லி இவர் பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

மெயில் முகவரியில் ஒரு சிக்கல் உண்டு. ஏற்கெனவே அதே பெயரில் ஒருவர் இருந்தால் கடைசியில் ஒரு ‘2’ சேர்த்துக் கொடுப்பது வழக்கம். அதைத் தவிருங்கள். டூ பெட்டியில் பெயரின் முதல் சில எழுத்துகளைத் தட்டியதும் ஒரே மாதிரி இரண்டு பெயர்கள் வந்து நிற்கும். அவசரத்தில் கை தவறானதைத் தொடும். சம்பள விவரம் தவறான ஆளுக்குப் போவது பெரும்பாலும் இப்படித்தான். முகவரியில் முழுப்பெயரைப் பயன்படுத்துங்கள், திரையில் தெரியும் பெயரோடு பிரிவின் பெயரையும் சேர்க்கச் சொல்லுங்கள். இன்னொன்று: தனிப்பட்ட ஜிமெயில் முகவரியில் புள்ளி வைத்தாலும் வைக்காவிட்டாலும் ஒன்றுதான். அலுவலகத்துக்காக வாங்கும் கூகுள் கணக்கில் அப்படி இல்லை, புள்ளி மாறினால் முகவரியே வேறு. விசிட்டிங் கார்டு அச்சுக்குப் போகும் முன் இதைச் சரிபாருங்கள்.

மெயில் ஐ.டி.யையும் தற்காலிக பாஸ்வேர்டையும் ஒரே மெயிலில் அனுப்பக் கூடாது. முகவரி மெயிலில் போகட்டும், பாஸ்வேர்டை போனில் அல்லது நேரில் சொல்லுங்கள். முதல் லாகினிலேயே பாஸ்வேர்டை மாற்றும்படி ஐ.டி. பிரிவு அமைத்திருக்க வேண்டும். இருபடிச் சரிபார்ப்பு (பாஸ்வேர்டோடு கைபேசியிலும் உறுதிசெய்வது) இருந்தால் அவருடைய கைபேசி அன்று கையில் இருக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சேர்வதற்கு இரண்டு மூன்று நாள் முன்பு, அவருடைய சொந்த மெயிலுக்கு மேனேஜரே ஒரு கடிதம் எழுத வேண்டும். ஹெச்.ஆர். அனுப்பும் படிவங்கள் தனி. அவற்றோடு இதைக் கலக்காதீர்கள். நான் மேனேஜர்களுக்குக் கொடுக்கும் மாதிரி இது:

“வணக்கம். திங்கட்கிழமை காலை 10 மணிக்கு வந்தால் போதும். வரவேற்பு மேசையில் என் பெயரைச் சொல்லுங்கள், நானே கீழே வந்து அழைத்துக்கொள்கிறேன். முதல் நாள் கணக்குகளைத் திறப்பது, டீமைச் சந்திப்பது இவ்வளவுதான். லாகினுக்கு உங்கள் கைபேசி தேவைப்படும். அடையாள அட்டைக்காக ஒரு புகைப்படம் எடுப்போம். உங்களைப் பற்றி அலுவலகத்தில் எல்லோருக்கும் ஒரு சிறு அறிமுக மெயில் அனுப்புவேன். அதில் என்ன இருக்கலாம், என்ன வேண்டாம் என்று எனக்கு எழுதுங்கள். வேறு கேள்வி இருந்தால் இதே மெயிலுக்குப் பதில் போடுங்கள்.”

எப்போது வர வேண்டும், யாரைப் பார்க்க வேண்டும், என்ன கொண்டுவர வேண்டும், அன்று என்ன நடக்கும் என்ற நான்கும் இதில் இருக்கின்றன. சேரப்போகிறவருக்கு முந்தின இரவு தூக்கம் வராமல் இருப்பது இந்த நான்கு கேள்விகளால்தான். அறிமுக மெயிலைப் பற்றி முன்கூட்டியே கேட்பதையும் விட்டுவிடாதீர்கள். தன் படமும் பழைய வேலை விவரமும் முன்பின் தெரியாத பலருக்குப் போவதைச் சிலர் விரும்புவதில்லை. அதைச் சொல்ல அவர்களுக்கு வாய்ப்புத் தர வேண்டும்.

முதல் நாள்

அறிமுக மெயிலில் ‘டூ’ பெட்டியில் புதியவரின் முகவரியையும் ‘பிசிசி’யில் (மற்றவர்களுக்குத் தெரியாமல் நகல் பெறுவோர் பெட்டி) எல்லோருக்குமான குரூப்பையும் போடுங்கள். இப்படிச் செய்தால் யார் ‘ரிப்ளை ஆல்’ அழுத்தினாலும் பதில் புதியவருக்கும் அனுப்பியவருக்கும் மட்டும்தான் போகும். வாழ்த்துகள் எல்லாம் வந்துசேர வேண்டியவரிடம் வந்துசேரும்; மற்ற நூறு பேரின் இன்பாக்ஸ் நிறையாது. மெயிலில் அவர் என்ன வேலை செய்யப்போகிறார், எந்த விஷயத்துக்கு அவரை அணுகலாம், எப்போதிலிருந்து அணுகலாம் என்ற மூன்றும் இருக்கட்டும். “இரண்டாவது வாரத்திலிருந்து” என்று எழுதினால் முதல் வாரம் அவருக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும்.

முதல் நாளே நேரில் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. இதை எந்தப் பிடிஎஃபிலும் போட்டு அனுப்பிவிட்டுக் கடமை முடிந்தது என்று இருக்காதீர்கள். புதிதாகச் சேர்ந்தவர்களைத்தான் மோசடிக்காரர்கள் குறிவைக்கிறார்கள். புதிய வேலையில் சேர்ந்ததாக லிங்க்ட்இன்னில் பதிவு போட்ட கொஞ்ச நாளில், நிர்வாக இயக்குநரின் பெயரில் ஒரு மெயில் வரும். “மீட்டிங்கில் இருக்கிறேன், பேச முடியாது. அவசரமாக ஒரு உதவி வேண்டும்” என்று தொடங்கும். அடுத்த மெயிலில் கிஃப்ட் கார்டு வாங்கி அதன் எண்களை அனுப்பச் சொல்லும், அல்லது ஒரு வென்டாரின் வங்கிக் கணக்கை மாற்றச் சொல்லும். திரையில் தெரியும் பெயர் சரியாகவே இருக்கும். முகவரியை விரித்துப் பார்த்தால் @ குறிக்குப் பின் வரும் டொமைன் வேறு ஏதோ. பழையவர்களுக்கு இயக்குநர் எப்படி எழுதுவார் என்று தெரியும், சட்டென்று சந்தேகம் வரும். புதியவருக்கு அது தெரியாது. பெரியவர் முதல் முறையாகக் கேட்கிறாரே என்று செய்துவிடவே தோன்றும்.

இதற்கு மருந்து ஒன்றுதான். பணம், பாஸ்வேர்ட், வங்கிக் கணக்கு பற்றி யார் பெயரில் மெயில் வந்தாலும், அந்த மெயிலில் இருக்கும் எண்ணை விட்டுவிட்டு அலுவலகப் பட்டியலில் இருக்கும் எண்ணுக்குப் போன் செய்து கேட்க வேண்டும். அப்படிக் கேட்டதற்காக யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்ற வார்த்தையை முடிந்தால் இயக்குநர் வாயாலேயே சொல்லவையுங்கள். அவர் வந்து இரண்டு நிமிடம் பேசிவிட்டுப் போனால் போதும், எந்தப் பயிற்சி வீடியோவும் அதற்கு ஈடாகாது. சந்தேக மெயிலை எந்த முகவரிக்கு ஃபார்வர்ட் செய்ய வேண்டும் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

இரண்டாம் நாள்: இன்பாக்ஸோடு ஒரு மணி நேரம்

இதற்கு காலண்டரில் நேரம் ஒதுக்குங்கள். டீமில் ஒருவர் புதியவரின் பக்கத்தில் உட்கார்ந்து, அவருடைய கையாலேயே அமைக்க வைக்க வேண்டும். மேனேஜர் உட்காருவதைவிட அதே நிலையில் வேலை பார்க்கும் ஒருவர் உட்காருவது நல்லது. அவரிடம்தான் கேள்விகள் தயங்காமல் வரும்.

ஃபோல்டர்களைப் பற்றி எனக்கு உறுதியான ஒரு கருத்து உண்டு. வருடத்துக்கு ஒன்று, வாடிக்கையாளருக்கு ஒன்று, அதற்குள் மாதத்துக்கு ஒன்று என்று மரம்போல் வளர்ப்பது வீண் வேலை. ஒவ்வொரு மெயிலையும் எங்கே போடுவது என்று யோசிக்கவே நேரம் போகும், தேடும்போது எங்கே போட்டோம் என்று நினைவும் இருக்காது. புதியவருக்கு மூன்று போதும்: நான் செய்ய வேண்டியது, பிறருக்காகக் காத்திருப்பது, பார்வைக்கு வைத்திருப்பது. முடிந்ததை ஆர்க்கைவ் செய்துவிடலாம், அதாவது அழிக்காமல் இன்பாக்ஸிலிருந்து விலக்கி வைக்கலாம். பழையதை எடுக்கத் தேடல் இருக்கிறது. ஜிமெயிலில் தேடல் பெட்டியின் ஓரத்தில் உள்ள குறியை அழுத்தினால் யாரிடமிருந்து, எந்தத் தேதிக்குள், அட்டாச்மென்ட் உண்டா, எவ்வளவு பெரியது என்றெல்லாம் கேட்கும். இதைச் சொல்லிக் கொடுத்தால் பாதி ஃபோல்டர்கள் தேவையே இல்லை என்பது அவருக்கே விளங்கும்.

அடுத்தது ஃபில்டர், அதாவது வரும் மெயிலைத் தானாகப் பிரித்துப் போடும் விதி. அவுட்லுக்கில் இதற்கு ரூல் என்று பெயர். மனிதர்கள் எழுதுவதையும் இயந்திரங்கள் அனுப்புவதையும் பிரிப்பதுதான் முதல் வேலை. டிக்கெட் அறிவிப்புகள், சிஸ்டம் எச்சரிக்கைகள், தானாக வரும் அறிக்கைகள் எல்லாம் இன்பாக்ஸைத் தொடாமல் ஒரு ஃபோல்டருக்குப் போகட்டும். அடுத்து, தன் பெயர் சிசியில் (நகல் பெறுவோர் பெட்டியில்) மட்டும் இருக்கும் மெயில்களுக்கு ஒரு ரூல். அவற்றை நாளுக்கு இருமுறை பார்த்தால் போதும். அவுட்லுக்கில் சில ரூல்கள் கம்ப்யூட்டரில் அந்தச் செயலி திறந்திருக்கும்போது மட்டும்தான் வேலை செய்யும். பட்டியலில் அவற்றின் பக்கத்தில் ‘கிளையன்ட் ஒன்லி’ என்று இருக்கும். கைபேசியில் மட்டும் மெயில் பார்க்கும் நாளில் அந்த ரூல் ஓடவில்லையே என்று அவர் குழம்பக் கூடாது.

அனுப்பிய மெயிலை நிறுத்தி வைக்கும் வசதியையும் அமைத்துவிடுங்கள். ஜிமெயிலில் ‘அன்டூ சென்ட்’ 5 நொடிக்கு இருக்கும்; செட்டிங்ஸில் 30 ஆக்கலாம். அவுட்லுக்கில் ஒவ்வொரு மெயிலையும் ஒரு நிமிடம் தாமதித்து அனுப்ப ரூல் போடலாம். புதிய இடத்தில் எல்லோரும் கொஞ்சம் பதற்றமாகவே எழுதுவார்கள். அனுப்பிய பிறகும் ஒரு நிமிடம் கையில் இருக்கிறது என்பது பெரிய தைரியம்.

படிக்க வேண்டிய பழைய மெயில்களை மேனேஜர் ஒரே மெயிலில் தொகுத்து அனுப்புவது நல்ல பழக்கம்: ஒவ்வொன்றும் எதைப் பற்றியது, ஏன் முக்கியம் என்று ஒரு வரி. பத்துக்கு மேல் வேண்டாம். ஃபார்வர்ட் செய்யும் முன் கடைசி வரி வரை கீழே போய்ப் படித்துவிட வேண்டும். நீண்ட மெயில் தொடரின் அடியில் யாரோ ஒருவருடைய சம்பளமோ, உடல்நிலையோ, இன்னொரு வாடிக்கையாளரின் விலையோ ஒளிந்திருக்கும். விதிமுறைகள், விடுப்புக் கொள்கை போன்றவற்றை அட்டாச்மென்ட்டாக அனுப்பாதீர்கள். ஒரே இடத்தில் வைத்து லிங்க் கொடுங்கள். இல்லையென்றால் மூன்று வருடப் பழைய கொள்கை யாருடைய மெயிலிலிருந்தாவது எழுந்து வரும். அட்டாச்மென்ட் மெயிலில் போகும்போது எழுத்துகளாக மாற்றப்படுவதால் அளவும் சுமார் மூன்றில் ஒரு பங்கு கூடும், 20 எம்.பி. கோப்பு 25 எம்.பி. எல்லை வைத்த சர்வரிலிருந்து திரும்பி வருவது இதனால்தான்.

சப்ஜெக்ட் வரி

இதில் அலுவலகம் முழுவதும் ஒரே முறை இருக்க வேண்டும். புதியவர் மட்டும் ஒழுங்காக எழுதிப் பயனில்லை. எங்கள் முறை எளியது: சப்ஜெக்ட்டின் தொடக்கத்தில் ‘முடிவு தேவை’, ‘செய்ய வேண்டியது’, ‘தகவலுக்கு’ என்ற மூன்றில் ஒன்று, பிறகு விஷயம், தேதி உண்டென்றால் கடைசியில் தேதி. “முடிவு தேவை: பிரின்டர் ஒப்பந்தப் புதுப்பிப்பு, 14-ஆம் தேதிக்குள்” என்று வந்தால் திறக்காமலே தெரியும். “ஒரு விஷயம்”, “அவசரம்” என்று வந்தால் ஒன்றும் தெரியாது.

ஒரு மெயிலுக்கு ஒரு விஷயம். பேச்சு வேறு விஷயத்துக்குத் திரும்பினால் சப்ஜெக்ட்டை மாற்றிப் புதிதாகத் தொடங்க வேண்டும். ஜிமெயிலில் சப்ஜெக்ட் மாறினாலே தொடர் பிரிந்துவிடும். 100 மெயிலைத் தாண்டினாலும் பிரியும். நூறு மெயில் வரை ஒரு தொடர் போகிறதென்றால் அது ஒரு மீட்டிங்கில் முடிந்திருக்க வேண்டிய விஷயம். எந்த விஷயம் முடிவானாலும், முடிவு எடுத்தவர் அதே தொடரின் கடைசியில் “முடிவு இது, காரணம் இது” என்று இரண்டு வரி எழுதி மூட வேண்டும். அடுத்த வருடம் சேர்பவருக்கு அந்த இரண்டு வரி மட்டும் கிடைத்தால் போதும்.

பொது மெயில்பாக்ஸ்

வாடிக்கையாளரும் வென்டாரும் ஒரு மனிதரின் முகவரிக்கு எழுதும் வரை அலுவலகம் அந்த மனிதரின் விடுப்பை நம்பியிருக்கும். வேலைக்கென்று முகவரி இருக்க வேண்டும். இது இன்று வந்த யோசனை இல்லை. தகவலுக்கு இன்ஃபோ, விற்பனைக்கு சேல்ஸ், உதவிக்கு சப்போர்ட், முறைகேட்டைச் சொல்ல அப்யூஸ் என்று பொதுவான முகவரிப் பெயர்களை 1997-இலேயே ஆர்.எஃப்.சி. 2142 என்ற இணைய ஆவணம் வகுத்துவிட்டது.

மைக்ரோசாஃப்ட் 365-இல் பலர் சேர்ந்து பார்க்கும் இந்தப் பொது மெயில்பாக்ஸுக்கு ஷேர்டு மெயில்பாக்ஸ் என்று பெயர்; அது 50 ஜி.பி. வரை தனி லைசென்ஸ் இல்லாமல் கிடைக்கும். அதைத் திறக்கும் ஆட்களுக்குத்தான் லைசென்ஸ் வேண்டும். கூகுளில் குரூப்பையே ‘கொலாபரேட்டிவ் இன்பாக்ஸ்’ ஆக்கி ஒவ்வொரு மெயிலையும் ஒருவர் பெயரில் ஒதுக்கலாம்.

ஷேர்டு மெயில்பாக்ஸில் ஒருவர் திறந்த மெயில் எல்லோருக்கும் படித்ததாகவே தெரியும். புதியவர் ஆர்வத்தில் எல்லாவற்றையும் திறந்து பார்ப்பார். மற்றவர்கள் யாரோ பார்த்துக்கொள்கிறார்கள் என்று இருந்துவிடுவார்கள். வாடிக்கையாளர் பதிலுக்குக் காத்திருப்பார். அதனால் படித்தது, படிக்காதது என்ற அடையாளத்தை நம்பாதீர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு நிறக் கேட்டகரி (மெயிலில் போடும் நிற அடையாளம்) கொடுத்து, எடுப்பவர் தன் நிறத்தைப் போட்டுவிட்டுத்தான் திறந்து வேலை செய்ய வேண்டும் என்று வையுங்கள். நிறமில்லாத மெயில் யாரும் எடுக்காத மெயில். ஒவ்வொரு நாளும் மாலையில் நிறமில்லாதவற்றைப் பார்க்க ஒருவர் பொறுப்பு, முறைவைத்து மாற்றிக்கொள்ளலாம்.

இன்னொன்றை ஐ.டி. பிரிவிடம் கேட்டு உறுதிசெய்யுங்கள். ஷேர்டு முகவரியிலிருந்து அனுப்பும் பதில், அமைப்பை மாற்றாவிட்டால் அனுப்பியவருடைய சொந்த ‘சென்ட்’ ஃபோல்டரில் போய் உட்காரும். பொது மெயில்பாக்ஸில் கேள்வி இருக்கும், பதில் இருக்காது. அதன் நகல் ஷேர்டு மெயில்பாக்ஸிலும் சேரும்படி அமைக்க முடியும், ஐ.டி. பிரிவுக்குச் சில நிமிட வேலை.

அந்த இடத்தில் முன்பு இருந்தவர்

புதியவர் பெரும்பாலும் யாரோ ஒருவர் விட்டுப்போன இருக்கையில் அமர்கிறார். போனவரின் மெயில்பாக்ஸை அப்படியே புதியவருக்குத் திறந்துவிடுவது சுலபமாகத் தோன்றும். அது இருவருக்கும் நியாயமில்லை. அதில் போனவரின் சொந்த விஷயங்கள் இருக்கும். புதியவரோ ஆயிரக்கணக்கான மெயில்களுக்குள் மூழ்கிப்போவார். நோட்டீஸ் பீரியடிலேயே போனவரை உட்காரவைத்து, நடந்துகொண்டிருக்கும் விஷயங்களை மட்டும் பொது மெயில்பாக்ஸுக்கு மாற்றச் சொல்லுங்கள். சொந்த மெயில்களை அவர் எடுத்துக்கொள்ள நேரம் கொடுங்கள். அவர் முகவரிக்கு எழுதுவோருக்குப் புது முகவரியைச் சொல்லும் தானியங்கிப் பதிலை வையுங்கள்.

கணக்கை நீக்கும்போது தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். மைக்ரோசாஃப்ட் 365-இல் நீக்கிய கணக்கை 30 நாளுக்குள் மீட்கலாம். கூகுள் வொர்க்ஸ்பேஸில் 20 நாள்தான். அந்தக் கெடு முடிவதற்குள் புதியவர் “இந்த ஒப்பந்தத்தின் மெயில் எங்கே” என்று கேட்டுவிட்டால் நல்லது. கெடு தாண்டினால் பெரும்பாலும் எதுவும் செய்வதற்கில்லை. அதனால் நான் புதியவர் சேர்ந்து ஒரு மாதம் ஆகும் வரை போனவரின் கணக்கை முடக்கி மட்டும் வைக்கச் சொல்வேன், நீக்கச் சொல்ல மாட்டேன்.

வெள்ளிக்கிழமை

வாரக் கடைசியில் பதினைந்து நிமிடம். “எப்படிப் போகிறது” என்று கேட்டால் “நன்றாகப் போகிறது” என்றுதான் பதில் வரும். “இந்த வாரம் வந்ததில் எந்த மெயில் உங்களுக்குப் புரியவில்லை?” என்று கேளுங்கள். அவர் காட்டும் மெயில்களைச் சேர்ந்து பாருங்கள். சுருக்கெழுத்து புரியவில்லையா, யார் பதில் சொல்ல வேண்டும் என்பது தெரியவில்லையா, இவருக்கு வந்திருக்கவே வேண்டாமா? ஒவ்வொன்றும் அலுவலகம் திருத்திக்கொள்ள வேண்டிய ஒன்று. புதியவர் சேர்ந்த முதல் மாதத்தில் கண்டுபிடித்துச் சொல்லும் குறைகளை நான் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்கிறேன். அடுத்த மாதம் அவரும் பழகிவிடுவார், கேட்டாலும் சொல்லத் தெரியாது.

அதே நேரத்தில் குரூப் பட்டியலையும் பாருங்கள். எந்த குரூப் இப்போது தேவை, எதிலிருந்து விடுவிக்கலாம்? ஒவ்வொரு குரூப்புக்கும் பொறுப்பாளர் யார் என்று எழுதியிருக்கிறதா? பொறுப்பாளர் பெயர் இல்லாத குரூப்பை யாரும் சுத்தம் செய்ய மாட்டார்கள். போய் வருடமானவர்கள் பெயரெல்லாம் அதில் கிடக்கும். அப்படி ஒரு குரூப் கண்ணில் பட்டால் ஐ.டி. பிரிவிடம் சொல்லி அன்றைக்கே ஒருவரைப் பொறுப்பாக்கிவிடுங்கள்.